அனுபியாஸ் செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீன் தொட்டிச் செடிகளில் எதையும் தாங்கும் செடி என்று அனுபியாஸுக்குப் பெயர். அந்தப் பெயரை நம்பி வாங்கிவந்து, மற்ற செடிகளைப் போலவே மணலில் ஊன்றி, விளக்குக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே மிதக்கும்போதுதான் ஏதோ தவறு என்று தெரிகிறது.

இந்தச் செடியின் எந்தச் சிக்கலைப் பார்ப்பதானாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது மிக மெதுவாக வளரும் செடி. ஒரு நுனியில் மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் இலை வந்தாலே நல்ல வளர்ச்சி. ஆகவே நாம் செய்த தவறு இலையில் தெரியவே வாரக்கணக்கில் ஆகும். திருத்தியது தெரிய இன்னும் கூடுதலாக ஆகும். பழுத்த இலை மறுபடி பச்சையாகாது. விழுந்த ஓட்டை மூடாது. வைத்தியம் பலித்ததா இல்லையா என்பதை அடுத்து விரியும் இலைதான் சொல்லும். அதுவரை இன்னொரு மருந்தையோ உரத்தையோ ஊற்றாமல் இருப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்றைப் பாருங்கள். செடியின் வேர்த்தண்டை, அதாவது இலைக்காம்புகளும் வேர்களும் கிளம்புகிற அந்தப் படுக்கைத் தண்டை, நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். அடுத்து, விளக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கணக்கெடுங்கள். மூன்றாவதாக, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் அளவைப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இந்த மூன்றிலேயே பிடிபட்டுவிடும்.

இலை காம்போடு கழன்று வருகிறது, வேர்த்தண்டு கொழகொழவென்று இருக்கிறது

இது வேர்த்தண்டு அழுகல். மற்ற சிக்கல்களுக்கெல்லாம் ஆற அமர யோசிக்கலாம், இதற்கு மட்டும் அன்றே கை வைக்க வேண்டும்.

அடையாளம் சுலபம். நல்ல வேர்த்தண்டு பச்சைக் கொம்பு போல விறைப்பாக இருக்கும், நகம் இறங்காது. அழுகியது பழுப்பாகவோ, கண்ணாடி போல உள்ளே தெரிகிற மஞ்சளாகவோ மாறி, அழுத்தினால் கூழாக நசுங்கும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் நாற்றம் அடிக்கும். இலை அப்போதும் பச்சையாகவே இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். லேசாகத் தொட்டதும் காம்பு அடியோடு கையில் வந்தால், காம்பின் அடிப்பகுதி வழவழப்பாக இருந்தால், அழுகல் தண்டுக்குள் போய்விட்டது.

முதல் காரணம், வேர்த்தண்டை மணலிலோ சரளையிலோ புதைத்தது. அனுபியாஸ் ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளில் நிழலான ஓடைக்கரைகளில் பாறையையும் மரக்கட்டையையும் பற்றிக்கொண்டு வளர்கிற செடி. அதன் வேர் மண்ணுக்குள் போகலாம். தண்டைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. கடையில் சிறு கூடையில் வருகிற செடியில் ராக்வூல் பஞ்சு (மண்ணுக்குப் பதில் வைக்கும் பாறை இழைப் பஞ்சு) வேர்த்தண்டைப் பாதிக்கு மேல் மூடியிருக்கும். கூடையோடு அப்படியே தொட்டிக்குள் இறக்கினால், புதைத்த மாதிரிதான். மூன்றாவது, கட்டிய நூல் தண்டை அறுப்பது அல்லது வெட்டும்போது அழுக்குப் பிளேடைப் பயன்படுத்துவது. சில சமயம் வாங்கும்போதே உள்ளே அழுகல் தொடங்கியிருக்கும்.

செய்ய வேண்டியது:

1. செடியை முழுதாக வெளியே எடுத்து ஈரத் துணியில் கிடத்துங்கள். கழன்று வருகிற இலைகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். அனுபியாஸின் தனி இலையிலிருந்து புதுச் செடி வராது. ஜாவா ஃபெர்ன் என்ற மற்றொரு தொட்டிச் செடியில் வருவதைப் பார்த்து இதிலும் காத்திருக்க வேண்டாம்.

2. புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகல் முடிகிற இடத்திலிருந்து அரை சென்டிமீட்டர் நல்ல பகுதிக்குள் தள்ளி வெட்டுங்கள்.

3. வெட்டு முகத்தைப் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி வெளிர் பச்சையாகவோ தந்த நிறமாகவோ இருந்தால் சரி. நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ, ஓரத்தில் பழுப்பு வளையமோ தெரிந்தால் அழுகல் இன்னும் உள்ளே ஓடுகிறது. பிளேடை மறுபடி துடைத்து இன்னும் அரை சென்டிமீட்டர் வெட்டுங்கள். முகம் சுத்தமாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டு இலை மிச்சமாகிறதே என்று அந்தப் புள்ளியை விட்டுவைத்தால், இரண்டு வாரத்தில் மொத்தமும் போகும்.

4. தேறிய துண்டைத் தொட்டிக்குள் திருப்பிப் போடாமல், தனிப் பாத்திரத்தில் குளோரின் நீக்கிய தண்ணீரில் மூன்று வாரம் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். மறைமுக வெளிச்சம் போதும். உரம் வேண்டாம்.

5. மூன்று வாரமும் தண்டு விறைப்பாக இருந்தால் தொட்டிக்குக் கொண்டுபோகலாம்.

இலையே இல்லாத வெறும் துண்டு மிஞ்சினாலும் தூக்கி எறியாதீர்கள். விறைப்பாகப் பச்சையாக இருக்கும்வரை அதில் உயிர் இருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் பக்கவாட்டில் அரிசி முனை அளவுக்குப் பச்சை மொட்டு தெரியும்.

அதே தொட்டியில் வேறு அனுபியாஸ் இருந்தால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஒன்றை வெட்டிய பிளேடைத் துடைக்காமல் இன்னொன்றை வெட்டாதீர்கள்.

கல்லிலோ கட்டையிலோ நிற்காமல் மிதந்து வருகிறது

வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை நாம்தான் பிடித்துவைக்க வேண்டும். பருத்தி நூலால் கட்டலாம்; நூலுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். பருத்தி நாளடைவில் மட்கிவிடும், வேர் அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மறுபடி கட்டுங்கள்.

அவசரத்துக்குச் சூப்பர் க்ளூ நல்ல வழி. சயனோஅக்ரிலேட் என்று மட்டும் போட்டிருக்கிற, ஜெல் வகை வாங்குங்கள். நீர்த்த வகை ஓடிவிடும். தண்டின் அடியையும் கல்லையும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, பயறு அளவுக்கு இரண்டு மூன்று பொட்டு வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே தண்ணீரில் இறக்கலாம். பசை வெள்ளையாகத் தெரிவது சில வாரத்தில் பாசி படிந்து மறைந்துவிடும். வளரும் நுனியில் மட்டும் பசை படக் கூடாது. அங்கே பட்டால் அந்த நுனி அதோடு நின்றுவிடும்.

வாங்கிவந்த சில வாரத்தில் பழைய இலைகள் பழுக்கின்றன

வேர்த்தண்டு விறைப்பாக இருந்தால் கவலை வேண்டாம். பண்ணைகளில் பெரும்பாலும் இந்தச் செடியைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் சில வாரமோ சில மாதமோ தாங்கி, பிறகு விடைபெறும். புது இலை தண்ணீருக்கு ஏற்றபடி வரும். இங்கே செய்ய வேண்டிய தவறாத வேலை ஒன்று: பழுத்த இலையைக் காம்பின் அடியில், தண்டைத் தொடாமல் வெட்டி எடுப்பது. பிய்த்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரிந்து, அழுகலுக்கு வழி திறக்கும்.

மஞ்சள், வெளிறல், ஓட்டை: சத்துக் குறைவா, வேறா?

இங்கேதான் தப்பான முடிவு அதிகம். மஞ்சளைப் பார்த்ததும் இரும்புச் சத்துப் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். மஞ்சள் எந்த இலையில் என்று முதலில் பாருங்கள். தண்டின் பின்முனையில் இருப்பது பழைய இலை. முன்முனையில் சுருண்டு கிளம்புவது புதியது.

பின்முனையில் ஒரே ஒரு இலை முழுதாகப் பழுத்து, மற்றவை கரும்பச்சையாக இருந்தால் அது வயது. வெட்டிவிட்டு மறந்துவிடலாம். ஒரே சமயத்தில் மூன்று நான்கு பழைய இலைகள் நரம்பும் சேர்ந்து சீராக மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை; நைட்ரேட் 5 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு) கீழே இருக்கும். மீன் குறைவாக, செடி அதிகமாக இருக்கும் தொட்டியில் இது சகஜம். பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராமை 100 லிட்டர் தண்ணீருக்குப் போட்டால் நைட்ரேட் ஏறக்குறைய 6 பிபிஎம் கூடும், கூடவே பொட்டாசியம் 4 பிபிஎம் கிடைக்கும். வாரம் ஒருமுறை போட்டு 10 முதல் 20 பிபிஎம்முக்குள் நிறுத்துங்கள்.

பழைய இலையில் குண்டூசி குத்தினாற்போல் புள்ளி விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு கட்டி, நாளாக நாளாக ஓட்டை பெரிதானால் பொட்டாசியம் போதவில்லை. நைட்ரேட் ஏற்கெனவே நிறைய இருக்கும் தொட்டியில் பொட்டாசியம் சல்பேட்டே நல்லது: 100 லிட்டருக்கு 1 கிராம், ஏறக்குறைய 4.5 பிபிஎம் பொட்டாசியம் தரும். நான்கு வாரம் தொடருங்கள்.

ஆனால் எல்லா ஓட்டையும் பொட்டாசியம் ஓட்டையல்ல. இலையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் விளிம்பே இல்லாமல், மேல்தோல் சுரண்டப்பட்டு, நரம்பு வலை மட்டும் சல்லடை போல மிஞ்சியிருந்தால் அது ப்ளெகோ வகை மீனின் வேலை. அது பாசியைச் சுரண்டுகிற போக்கில் இலையையும் சுரண்டிவிடும். அதற்கு உரம் ஊற்றிப் பயனில்லை. மீனுக்கு மரக்கட்டையும் இரவில் போதிய தீனியும் கொடுங்கள், அல்லது இடம் மாற்றுங்கள்.

பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். மென்னீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிற தொட்டிகளில் வரும். எப்சம் உப்பு 1 கிராம் 100 லிட்டருக்கு 1 பிபிஎம் மக்னீசியம் தரும். 5 கிராமை இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போடுங்கள்.

இதே தோற்றம் புது இலையில் இருந்தால்தான் இரும்பு. உரம் போட்டும் சரியாகவில்லையென்றால் தண்ணீரின் பி.எச். பாருங்கள். உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்க இ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ. போன்ற சேர்மங்களைச் சேர்ப்பார்கள். பி.எச். 7-க்கு மேல் போனால் இ.டி.டி.ஏ. வடிவ இரும்பு நிற்காது, டி.டி.பி.ஏ. வடிவ இரும்பு உள்ள உரத்துக்கு மாறுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அனுபியாஸின் புது இலை இயல்பாகவே வெளிர் பச்சையாக, சில வகைகளில் செம்பழுப்பாக, சுருட்டிய காகிதம் போலத்தான் வரும். நிறம் கூடித் தடிக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். விரிந்து மூன்று வாரம் ஆகியும் வெளிறி இருந்தால் மட்டும் மேலே சொன்னதை யோசியுங்கள். அதேபோல், விரிந்த பிறகும் முறுக்கிக்கொண்டு சிறுத்து இருந்தால் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள், ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) 3 டிகிரிக்குக் கீழே இருந்தால் கால்சியம் குறைவு.

இலையில் பாசி

மெதுவாக வளர்கிற செடிக்குப் பாசி தீராத தொல்லை. வேகமாக வளர்கிற செடி பாசி படிந்த இலையைக் கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அனுபியாஸின் ஓர் இலை ஓராண்டுக்கு மேல் அதே இடத்தில் நிற்கிறது. பாசிக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. எனவே பாசியை எடுப்பது பாதி வேலைதான், செடியை நிழலுக்கு நகர்த்துவது மீதி. உயரமான செடியின் அடியிலோ கட்டையின் ஓரத்திலோ வையுங்கள். விளக்கை டைமரில் 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள். தொட்டியில் இந்தச் செடி மட்டும் என்றால் வெளிச்சத்தின் அளவையும் குறைக்கலாம், அது ஏங்காது.

பச்சைப் புள்ளிகளாக, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்குக் கெட்டியாக ஒட்டியிருப்பது பச்சைப் புள்ளிப் பாசி. அதிக வெளிச்சமும் குறைந்த பாஸ்பேட்டும் சேர்ந்தால் வரும். பாஸ்பேட் என்றாலே பாசி என்று பயந்து அதை முழுக்க நீக்குகிற தொட்டிகளில்தான் இது செழிக்கும். பாஸ்பேட்டை 1 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்குத் தேவைப்படும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மிகச் சொற்பம், 100 லிட்டருக்கு 0.15 கிராம். வீட்டுத் தராசில் அதை நிறுக்க முடியாது. 3 கிராமை 200 மிலி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அந்தக் கரைசலில் 10 மிலி என்பது 0.15 கிராம். ஏற்கெனவே படிந்த புள்ளிகள் போகாது. மோசமான இலையை, ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், வெட்டிக்கொண்டே வாருங்கள். நெரைட் நத்தை இந்தப் பாசியை ஓரளவு தின்னும். ஆனால் கட்டையிலும் கல்லிலும் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிவைக்கும். அதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம்.

இலை ஓரத்தில் கறுப்பு மயிர்க்குஞ்சம் போல, ஓட்டத்தில் அசைந்தாலும் பிய்ந்து வராமல் நிற்பது கருந்தாடிப் பாசி. கறுப்பாகத் தெரிந்தாலும் இது சிவப்புப் பாசி இனம். ஒரு குஞ்சத்தைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் செந்நிறமாகும், சந்தேகம் தீர இது போதும். ஃபில்டர் தண்ணீர் நேரே அடிக்கிற இலையில், மீன் கழிவும் மிச்சத் தீனியும் சேர்கிற தொட்டியில், கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் போகிற தொட்டியில் இது பிடிக்கும்.

கல்லோடு செடியை வெளியே எடுக்க முடிந்தால் வேலை எளிது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பாசி மேல் மட்டும் தடவி, மூன்று நிமிடம் விட்டு, தொட்டித் தண்ணீரால் அலசித் திருப்பி வையுங்கள். வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் பாசி ரோஜா நிறமாகி, பிறகு வெளுக்கும். வெளுத்ததை அமானோ இறால் தின்றுவிடும். நிறம் மாறாத இடத்தில் ஒரு வாரம் கழித்து மறுபடி தடவுங்கள்.

எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும், ஊசியில்லாத சிரிஞ்சால் பாசியின் அருகே மெல்லப் பீய்ச்சுங்கள். ஒரு நாளில் தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மிலிக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். மீனோ இறாலோ மூச்சுத் திணறினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

பெராக்சைடுக்கும் அடங்காத செடிக்குப் பிளீச் குளியல். தடித்த இலை கொண்ட அனுபியாஸ் இதைத் தாங்கும், மெல்லிய தண்டுச் செடிகள் தாங்காது. வாசனையோ சோப்போ சேராத சாதாரணப் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு. கடிகாரம் பார்த்து ஒன்றரை நிமிடம், எப்படியும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாமல் முக்கி எடுத்து, ஓடும் தண்ணீரில் அலசி, குளோரின் நீக்கும் மருந்தை இரண்டு மடங்கு கலந்த வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு தொட்டிக்கு. கையுறை போடுங்கள். பிளீச்சை வினிகர், பெராக்சைடு, வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்கவே கூடாது; நச்சு வாயு கிளம்பலாம். வேர்த்தண்டு அழுகலோ புது வெட்டோ உள்ள செடிக்கு இந்தக் குளியல் வேண்டாம்.

புதுத் தொட்டியில் விரலால் தேய்த்தாலே போகிற பழுப்புத் தூள் டயாட்டம் என்ற நுண்பாசி. ஒன்றிரண்டு மாதத்தில் தானாக அடங்கும். வாரம் ஒருமுறை இலையைத் துடைத்தால் போதும். நீலப்பச்சைப் படலமாக உரிந்து வந்து நாற்றமடித்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்து, தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள். இருட்டில் இருக்கும்போது ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டு மாதமாகப் புது இலையே இல்லை

நுனியைத் தேடுங்கள். கூர்மையான பச்சை முளை இருக்கிறதா, அல்லது உடைந்து கறுத்து இருக்கிறதா? உடைந்திருந்தால் அந்தப் பக்கம் இனி வளராது. பின்னால் எங்காவது பக்க மொட்டு வரும்வரை பொறுக்க வேண்டும். முளை இருந்தும் அசையவில்லையென்றால் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிறதா பாருங்கள். 22 முதல் 28 வரை அதற்குப் பிடித்த சூடு. அதற்கு அடுத்தது, இலை மேல் படிந்த கழிவு. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கையால் விசிறி அதைக் கிளப்பி உறிஞ்சி எடுங்கள்.

நீண்டு ஒற்றைத் தண்டாக ஓடுகிற செடியை அடர்த்தியாக்க வேண்டுமானால், நான்கைந்து இலை உள்ள துண்டாக முன்பக்கத்தை வெட்டிப் பிரியுங்கள். பின்பக்கத் துண்டில் பக்க மொட்டுகள் கிளம்பும். சமீபத்தில் இடம் மாற்றிய செடியில் இதைச் செய்ய வேண்டாம்.

நோய் போலத் தெரிந்து நோயல்லாதவை

தண்டிலிருந்து நீளமாகத் தொங்கும் வேர் இயல்பானது. அழகுக்கு வேண்டுமானால் கத்தரிக்கலாம். புதுக் கட்டையில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்வது கட்டையிலிருந்து கசியும் சத்தில் வளரும் படலம், செடியைத் தொடாது. துலக்கினால் போய்விடும், சில வாரத்தில் வருவதும் நின்றுவிடும். இலைக்கு நடுவே தடித்த காம்பில் வெளிர் பச்சை மடல் விரித்து நிற்பது பூ. தண்ணீருக்குள்ளேயே பூக்கும். பல வாரம் நிற்கும். வாடிய பிறகு அடியில் வெட்டிவிடுங்கள்.